மேலே வராத பூச்சி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மழை. எங்கள் பசு மறுபடியும் பக்கத்துச் சலோங்கோவின் மரவள்ளியில் மேய்ந்துவிட்டது. நான் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட்டேன். கேட்டிருந்தால் பசுவும் அதையேதான் சொல்லியிருக்கும்.

வெயில் வந்தபின் ஒரு வெள்ளை வண்டி வாசலில் வந்து நின்றது. கம்பாலாவிலிருந்து ஒரு டாக்டர் அம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பூச்சி டாக்டர். பெயர் நம்போசோ, கிழக்கே மலைநாட்டுக்காரி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஓடையைப் பற்றி முழுக்கத் தெரிந்தவர் முபீரு, அதாவது நான், ஒருவர்தான் என்று ஊர்த் தலைவர் அனுப்பி வைத்தாராம். தலைவருக்குத் தூக்கம் வந்திருக்கும், அதனால் தள்ளிவிட்டார் என்று யூனியா சொல்கிறாள். யூனியா என் மனைவி. இத்தனை வருடமாக என் பேச்சை நம்பாமலே என்னோடு குடித்தனம் நடத்திவிட்டாள். அதற்கும் ஒரு திறமை வேண்டும்.

டாக்டர் தேடி வந்தது ஒரு நீர்ப்பூச்சி. நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு வெள்ளைக்காரர் எங்கள் நக்கிசென்யி ஓடையில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனார். அது இப்போது கடல்தாண்டி ஒரு கண்ணாடிப் பெட்டியில் ஊசியில் குத்திக் கிடக்கிறது, பாதி உதிர்ந்துபோய். அது ஏற்கெனவே பெயர் உள்ள இனமா, தனி இனமா என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. புதிதாகப் பிடித்தால்தான் தெரியும். படம் காட்டினார். தட்டையாக, வட்டமாக, பழைய கோட்டிலிருந்து அறுந்து விழுந்த பொத்தான் மாதிரி.

"இதைப் பாத்திருக்கீங்களா ஐயா?"

"பாத்திருக்கேனாவா? இதோட தாத்தாவையே தெரியும்" என்றேன்.

பார்த்ததில்லை. ஆனால் ஒரு விருந்தாளி அத்தனை தூரம் வந்து கேட்கும்போது இல்லை என்பது மரியாதை இல்லை.

வலை, வெள்ளைத் தட்டு, சாராய வாசனை அடிக்கும் திரவத்தோடு ஒரு பெட்டி சீசாக்கள், எல்லாம் கொடுத்தார். ஓடையில் பிடிப்பதையெல்லாம் போட்டு வைக்க வேண்டும், ஏப்ரல் முதல் தேதி வருவார். கிளம்பும்போது சொன்னதுதான் என் காதில் இன்னும் நிற்கிறது.

"புது இனம்னு உறுதியானா, அதுக்கு ஒரு பேர் வைக்கணும். ஊர் பேரும் வைக்கலாம். கண்டுபிடிச்சவங்க பேரும் வைக்கிறதுண்டு."

கண்டுபிடித்தவர் பெயர்.

எரிஃபாசி முபீரு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் சரக்கு இல்லை.

மார்ச் 4, புதன்

சலோங்கோவின் கள்ளுக்கடையில் செய்தியைச் சொன்னேன். அவன் இரட்டைப் பிள்ளைகளுக்கு அப்பன். அதற்காக ஊர் கொடுத்த பட்டம்தான் சலோங்கோ. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் மேலே உட்கார்ந்த மாதிரி பேசுவான்.

"பூச்சிக்கு உம் பேரா? பாவம்யா. அது இத்தனை நாளா பொய் சொல்லாம வாழ்ந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். பொறாமை. இது வண்டு ஜாதி கிடையாது, மூட்டைப்பூச்சிக்குத்தான் சொந்தம், மெல்லுகிற வாய் இல்லை, குத்தி உறிஞ்சும் அலகு என்று டாக்டர் சொன்னதை விளக்கினேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப மூட்டைப்பூச்சிக்குப் பங்காளி ஆகப்போறேன்னு சொல்லு" என்றான். "வாழ்த்துகள் முபீரு. இனிமே நீ வர்ற வீட்ல பாயை வெயில்ல காயப் போடணும்."

பெயர் வந்த பிறகு இவன் கடையில் ஒரு வாரத்துக்குக் காலடி வைக்கமாட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வரும்போது வாசலில் என் கூடப் பிறந்த எசேசா அக்கா. கூடவே அந்தப் பெண் பிருங்கி, முதுகில் குழந்தையோடு.

மனசு சரியில்லை. எழுதிவிடுகிறேன்.

என் தம்பி மகன் டேனியேரி போன வருடம் ஏரியில் படகு கவிழ்ந்து போய்விட்டான். நல்ல பையன். என்னைப் போலவே உயரம். மீன்பிடிப் படகுத்துறையில், மேற்கு மாவட்டத்திலிருந்து வந்த இந்தப் பிருங்கியோடு இருந்தான். கல்யாணமும் இல்லை, மோதிரமும் இல்லை. அவன் போன பிறகு குழந்தை பிறந்தது. டேனியேரியின் பிள்ளை என்கிறாள். இருக்கலாம். ஆனால் சொல்லத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லலாமே?

அக்கா கேட்பது ஒன்றுதான். ஈஸ்டர் திங்களன்று சடங்கு வைத்து, பிள்ளையைக் குலத்தில் அழைத்துப் பெயர் வைக்க வேண்டும். அதுவரை அவனுக்குப் பெயரில்லை. "குட்டி" என்று கூப்பிடுகிறார்கள், ஆட்டைக் கூப்பிடுவது போல.

நான் எதிரி இல்லை. முறை முறைதான் என்றேன். தண்ணீரே சொல்லட்டும் என்றேன். காய்ந்து விழுந்த தொப்புள்கொடியைத் தாய் எடுத்து வைத்திருப்பாள். சடங்கன்று அத்தை அதைத் தண்ணீரும் பாலும் வாழைக்கள்ளும் கலந்த கிண்ணத்தில் போடுவாள். மிதந்தால் நம் பிள்ளை. மூழ்கினால் தாய் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். முன்னோர் வைத்த சட்டம், நான் எழுதியதில்லை.

பிருங்கி முதுகுத் துணியை இறுக்கிக் கட்டினாள். குழந்தைதான் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது.

டேனியேரியின் காப்பித் தோட்டத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது சும்மா கிடக்கக் கூடாதே என்றுதான் நான் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்கிறவன் களைப்பு யாருக்குத் தெரிகிறது? அக்கா போகும்போது, "காப்பிச் செடி நல்லாப் பூத்திருக்கு போலிருக்கே எரிஃபாசி" என்று மட்டும் சொன்னாள். அவள் பூவைப் பற்றிப் பேசினால் அது பூவைப் பற்றியதாக இருக்காது.

மார்ச் 11, புதன்

ஓடையில் இறங்கினேன். ஆராய்ச்சி தொடங்கியது.

என்ன கூட்டம் அங்கே. மல்லாந்தே நீந்துகிறது ஒன்று, குடித்துவிட்டு வீடு திரும்புகிற மாதிரி. தண்ணீர்மேல் கால் நனையாமல் நடக்கிறது ஒன்று. வாலில் குழல் வைத்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கி மூச்சு விடுகிறது இன்னொன்று. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பெரிய பூச்சி என் கால் கட்டை விரலில் குத்தியது. நான் சத்தம் போடவில்லை. மேட்டிலிருந்த பெண்கள் கேட்டது வேறு ஏதாவது இருக்கும்.

இன்னொரு வகைக்கு முதுகு முழுக்க அரிசி ஒட்டியது போல ஏதோ நோய். பாவம் என்று கத்தியால் சுரண்டி விட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

விரல் வீங்கி எலுமிச்சங்காய் மாதிரி இருக்கிறது. முதலை என்று சலோங்கோவிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 14, சனி

பெரிய சிக்கல். பூச்சிகள் வாளி வாளியாக இருக்கின்றன, சீசாக்கள் ஒரு பெட்டிதான். எதை வைப்பது, எதை விடுவது? டாக்டர் ஒரு தாளில் பிரிவுகளை எழுதிக் கொடுத்திருந்தார். வரிசை, குடும்பம், பேரினம், இனம். மத்தியானம் பூராவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று விளங்கிவிட்டது.

இது நம்முடையது அல்லவா!

குலம், குலத்துக்குள் கிளை, கிளைக்குள் கொப்பு, கொப்புக்குள் வாசல், வாசலுக்குள் வீடு. ஒருவன் எழுந்து நின்று பெயர் சொன்னால் அப்பன், தாத்தா, வாசல், கொப்பு, கிளை என்று ஏறிக்கொண்டே போய்க் குலத் தலைவரிடம் முடிப்பான். வெள்ளைக்காரன் புழு பூச்சிக்கு அதைக் கண்டுபிடித்துப் புத்தகம் போட்டிருக்கிறான். எங்களுக்கு மூக்கு ஒழுகுகிற பிள்ளைகூட ஒப்பிக்கும்.

குலம் என்றால் குலத்தை அறியும் வழியும் நம்முடையதாகத்தானே இருக்க வேண்டும்? கிண்ணத்தில் தண்ணீர். மிதப்பது அசல். மூழ்குவது வந்தேறி. இன்னொரு ஆதாரமும் உண்டு. நாங்கள் எம்மாம்பா மீன் குலம். அதைத் தின்னமாட்டோம், கொல்லமாட்டோம். அந்த மீனே தண்ணீருக்குள் இருந்தாலும் மூச்சு வாங்க மேலே வரும். கௌரவமான உயிர் எதுவும் மேலே வந்து முகம் காட்டும். அடியிலேயே பதுங்கிக் கிடப்பதற்கு என்ன குலம் இருக்க முடியும்?

யூனியாவின் துணி அலசும் பெரிய தொட்டியை எடுத்துக்கொண்டேன். விஞ்ஞானத்துக்கு என்றேன். துணிக்கு வேறு விஞ்ஞானம் வேண்டுமா என்று கேட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

சோதனை வெற்றி. குழல் வாலன் மேலே வந்தது, சீசா. மல்லாந்து நீந்துவது மேலே வந்தது, சீசா. அரிசி முதுகுக்காரனும் (சுரண்டாமல் விட்டது ஒன்று இருந்தது) மேலே வந்தான், சீசா.

பொத்தான் மாதிரித் தட்டையாகச் சில இருந்தன. ஓடையின் நடுவில், தண்ணீர் வேகமாகப் போகும் இடத்தில் கல்லுக்கடியில் கிடைத்தவை. காலையில் போட்டவை அடியிலேயே கிடக்கின்றன. சாயங்காலம் வரை ஒன்றுகூட மேலே வரவில்லை. பிடிவாதம். டாக்டர் காட்டிய படத்துக்குக் கொஞ்சம் ஜாடை இருக்கத்தான் செய்தது. ஆனால் ஜாடை யாருக்கு இல்லை? நான்கூடப் பின்பக்கமிருந்து பார்த்தால் ராஜா மாதிரி இருப்பேன்.

மூழ்கினவற்றை வாத்துகளுக்குக் கொட்டிவிட்டேன். வாத்துகள் என் ஆராய்ச்சியை மிகவும் மதித்தன.

மார்ச் 22, ஞாயிறு

வயிறு எரிகிறது. இன்றைக்குத் தெரிந்தது, இத்தனை காலமாக என்னை ஏமாற்றியிருக்கிறார்கள்.

யூனியா நிலக்கடலை இடித்துக்கொண்டே வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சடங்குக்கு முன்னால் அத்தைமார்கள் தொப்புள்கொடிக்கு வெண்ணெய் தடவுவார்களாம். எப்போதும். எல்லாப் பிள்ளைக்கும்.

"அப்ப மிதக்காம என்ன பண்ணும்?" என்றேன்.

"அதுக்குத்தாங்க தடவுறது."

எவ்வளவு பெரிய மோசடி. முன்னோர் சட்டத்தில் வெண்ணெயா? நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். ஈஸ்டர் திங்களன்று வெண்ணெய் இல்லை, நெய் இல்லை, எண்ணெய் இல்லை, கொடியைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், நானே எதிரில் நின்று பார்ப்பேன், மிதந்தால் முதலில் நான்தான் கை தட்டுவேன் என்று சொன்னேன். ஆனால் மிதந்தால் வெண்ணெய் இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் விடமாட்டேன் என்றும் சொன்னேன்.

அக்கா புகை போட்ட மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். திரும்பக்கூட இல்லை.

"எரிஃபாசி, உன்னோட கொடிக்கு எவ்வளவு வெண்ணெய் ஆச்சுன்னு தெரியுமா?"

அவளே தொடர்ந்தாள்.

"நம்ம அம்மா ரெண்டு கை அள்ளித் தடவினா. பக்கத்து வீட்லயும் வாங்கிட்டு வந்தோம்."

பொய். என் கொடி வெண்ணெயே இல்லாமல் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது என்று அப்பா சொல்லுவார். சொல்லியிருப்பார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

வாசலில் பிருங்கி உட்கார்ந்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். "மாமா, சோப்பே போடுங்க" என்றாள் மெல்ல. "ஆனா மூழ்கிட்டா நான் இவனைத் தூக்கிட்டு எங்க போறது, அதையும் நீங்களே சொல்லிடுங்க."

அதற்கு நான் என்ன செய்வது? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுதான். அதற்கு நான் என்ன செய்வது?

மார்ச் 24, செவ்வாய்

இன்னொரு வாளி சோதித்தேன். மூழ்கினவற்றை வாத்துக்குக் கொட்டப் போனபோது அக்கா வீட்டிலிருந்து பிருங்கி தண்ணீர் எடுக்க வந்திருந்தாள். "இதை எனக்குக் குடுங்க மாமா, குட்டிக்கு வேடிக்கை காட்டுறேன்" என்றாள். பழச்சாறு அடைத்த பழைய கண்ணாடிப் புட்டியில் பொத்தான்களை அள்ளிப் போட்டுக்கொண்டாள், கூழாங்கல்லும் போட்டாள். எடுத்துக்கொள் என்றேன். குலமில்லாததைக் குலமில்லாதவனுக்குக் கொடுப்பதில் தவறில்லை.

இப்படி எழுதியிருக்கக் கூடாது. மை அழிக்க வராது. இருக்கட்டும்.

மார்ச் 28, சனி

சீசாக்கள் நிறைந்துவிட்டன. வரிசையாக ஜன்னலில் அடுக்கி வைத்திருக்கிறேன். வெயில் படும்போது மந்திரி வீட்டு மருந்துக் கடை மாதிரி இருக்கிறது. சலோங்கோவே வந்து பார்த்தான். "இதுல எது முபீரு?" என்றான். எல்லாம்தான் என்றேன்.

ஏப்ரல் 1, புதன்

டாக்டர் வந்தார்.

சீசாக்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேசைமேல் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக் கொஞ்சத்தை அதன் கீழும் வைத்தார். நான் புதுச் சட்டை போட்டிருந்தேன்.

"இது ஏரிக்கரை முழுக்க இருக்கு. இதுவும். இதுவும். இது ரொம்ப சாதாரணம் ஐயா." மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் மோசம்.

அரிசி முதுகுக்காரனைக் காட்டி, நோயாளியைக்கூட விடாமல் சேர்த்தேன் என்றேன்.

"அது நோயில்லை, முட்டை. பொம்பளை வந்து ஆணோட முதுகுல முட்டையிட்டுட்டுப் போயிடும். பொரியுற வரைக்கும் அப்பன்தான் சுமக்கணும்."

எங்கள் பக்கம் ஆம்பிளை முதுகில் பிள்ளையைக் கட்டுவதில்லை என்று தெளிவாகச் சொன்னேன். குறித்துக்கொள்ளவில்லை.

பிறகு நான் என் முறையை விளக்கினேன். குலம், கிளை, தொட்டி, மிதப்பது, மூழ்குவது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மூழ்கினதை என்ன பண்ணுனீங்க?"

"வாத்துக்கு."

 அப்புறம் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "நான் தேடுறது மேல வராது ஐயா" என்றார். வரவே வராது. உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மயிர், ஒன்றோடொன்று நெருங்கி. அதற்குள் மெல்லிய காற்றுப் போர்வை ஒன்றைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கிற காற்று அந்தப் போர்வைக்குள் வந்துகொண்டே இருக்கும். பிறந்ததிலிருந்து சாகிற வரை அடியிலேயே இருக்கலாம்.

"மேல வந்து மூச்சு வாங்குனா, அது இது இல்லை. அதை வச்சுத்தான் முதல்ல கண்டுபிடிக்கிறதே."

யூனியா வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.  வாத்துகள் வெளியே சத்தம் போட்டுக்கொண்டிருந்தன, கொழுத்துப்போய், என் பெயரைத் தின்றுவிட்டு—

"பிருங்கிட்ட ஒரு புட்டி இருக்குல்ல" என்றாள் யூனியா.

ஓடினோம். நான் எப்போதும் நடக்கிறவன், இன்று ஓடினேன். அக்கா வீட்டுத் திண்ணையில் குழந்தை உட்கார்ந்து புட்டியைக் கன்னத்தோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே கூழாங்கல்லுக்கடியில் ஏழெட்டுப் பொத்தான்கள், உயிரோடு. தினம் காலையில் ஓடைத் தண்ணீர் மாற்றினாளாம். டாக்டர் மண்டியிட்டு உட்கார்ந்தார், ரப்பர் பூட்ஸோடு.  பிறகு, "இத்தனை நாளா மேல வந்துச்சா?" என்று கேட்டார்.

"ஒரு தடவகூட இல்லீங்க" என்றாள் பிருங்கி. "செத்துடும்னுதான் நினைச்சேன். அது பாட்டுக்குக் கீழயே இருக்கு."

குழந்தை புட்டியை விட மறுத்தது. டாக்டர் தன் சாவிக்கொத்தைக் கொடுத்து வாங்கினார்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன்: "பத்திரமா இருக்கட்டும்னு நான்தான் இங்க வைக்கச் சொன்னேன்."

ஏப்ரல் 2, வியாழன்

டாக்டர் கிளம்பிவிட்டார். இன்னும் நிறைய வேலை இருக்கிறதாம். பழைய பூச்சியோடு ஒப்பிட வேண்டும். ஆண் பூச்சியின் பின்பக்கத்தை உருப்பெருக்கியில் பார்த்தால்தான் எந்த இனம் என்று அடித்துச் சொல்ல முடியுமாம். எங்கள் பக்கம் ஒருவனை அறிய முகத்தைப் பார்த்துத் தாத்தா பெயரைக் கேட்போம். விஞ்ஞானத்தில் வேறு பக்கம் பார்க்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

சாயங்காலம் கள்ளுக்கடை. வாத்துக் கதை எப்படியோ எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"என்னய்யா முபீரு, உம் பேர் வாத்து வயித்துல போயிடுச்சாமே?"

சும்மா இருக்க முடியுமா? எழுந்து நின்றேன். வாத்துக்குப் போட்டது கழிசல் என்றேன். அசலை முதல் நாளே பிரித்து ஒரு நம்பிக்கையான வீட்டில் வளர்க்கக் கொடுத்திருந்தேன் என்றேன். மிதப்பது எவனும் மிதப்பான், சருகு மிதக்கிறது, செருப்பு மிதக்கிறது. உயர்ந்த வகை அடியில்தான் இருக்கும், அதற்கு யாரிடமும் வந்து மூச்சுக் கடன் கேட்க வேண்டியதில்லை. மூழ்குவதுதான் அசல். இதைக் கம்பாலாவுக்கே இப்போதுதான் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன்.

 நன்றாகப் பேசினேன். சலோங்கோ ஒரு குவளை இலவசமாக ஊற்றினான், இது எழுதி வைக்க வேண்டிய நாள்.

திரும்பிப் பார்த்தால் வேலியோரம் எசேசா அக்கா நின்றிருந்தாள், கையில் காலிக் குடத்தோடு. கள் வாங்க வந்தாளாம், சடங்குக்கு. "நல்லாச் சொன்னே தம்பி" என்றாள். என்னை அவள் தம்பி என்று கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகிறது.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு

கோயிலில் இரண்டாம் வரிசையில் உட்கார வைத்தார்கள். பூச்சி காரணம்.

ஏப்ரல் 6, திங்கள்

சடங்கு முடிந்தது.  வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

முற்றத்தில் ஊரே இருந்தது. வாழையிலையில் மட்டோக்கே வாழைக்காய் வெந்துகொண்டிருந்தது. சலோங்கோ தன் இரட்டையர்களோடு முன்னால் பாயில். பிருங்கி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை, முகத்தில் ஒன்றுமில்லை. யாரோ அவளுடைய துணி மூட்டையை ஏற்கெனவே கதவோரம் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவளே வைத்திருப்பாள்.

நான் சொன்னபடியே சோப்பு வந்தது. அக்கா எல்லோர் எதிரிலும் கொடியைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். என் கையில் கொடுத்தாள். வழுக்கவில்லை, வெண்ணெய் இல்லை. சுருண்டு காய்ந்த ஒரு சின்ன வேர் மாதிரி இருந்தது. டேனியேரியின்... சரி, எழுதவில்லை.

திருப்பிக் கொடுத்தேன். அக்கா அதைத் தன் இடுப்புத் துணி மடிப்பில் வைத்துத் துடைத்தாள், முன்னோர் பெயர்களைச் சொன்னாள், கிண்ணத்தில் போட்டாள். பாலும் கள்ளும் கலந்த வெள்ளைத் தண்ணீர்.

மூழ்கியது.

கல் போல மூழ்கியது. ஒரு குமிழிகூட வரவில்லை.

 பிருங்கி குழந்தையை இறுக்கிக்கொண்டாள், எழுந்திருக்கத் தொடங்கினாள். அழவில்லை. நான் கேட்டதுதான் நடந்தது. நீர் சொல்லிவிட்டது. காப்பித் தோட்டம்... எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது?

அப்போது அக்கா, ஊருக்கே கேட்கும்படி, ரொம்பப் பணிவாகக் கேட்டாள்:

"நான் படிக்காதவ. எனக்கு இதெல்லாம் தெரியாது. கம்பாலாக்காரங்களுக்கே சொல்லிக்கொடுத்த ஆள் இங்க இருக்கும்போது நான் எதுக்குத் தீர்ப்புச் சொல்லணும்? தம்பி, நீயே சொல்லு. மூழ்குறது எந்த வகை?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. சலோங்கோ முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான். அவன் பல் தெரிந்தது.

என்னால் என்ன செய்ய முடியும்? பூச்சிக்கு ஒரு சட்டம், பிள்ளைக்கு ஒரு சட்டம் என்று சொன்னால் நான்கு நாளைக்கு முன் நான் பேசியதெல்லாம் என்ன ஆகும்? சலோங்கோ வாழ்நாள் முழுக்க என்னை வாத்து என்று கூப்பிடுவான்.

எழுந்தேன். பேச்சு தானாக வந்தது. அதுதான் என் பலம். சருகு மிதக்கும், செருப்பு மிதக்கும் என்று தொடங்கினேன். நம் குலத்திலேயே அபூர்வமான வகை ஒன்று உண்டு, பல தலைமுறைக்கு ஒரு முறைதான் பிறக்கும், அது யாருக்காகவும் மேலே வராது, தன் மூச்சைத் தானே போர்த்திக்கொண்டு வரும் என்றேன். இந்தப் பிள்ளை அந்த வகை. அப்பன் போன பிறகு தனியாகப் பிறந்து, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் இருக்கிறானே, பார்க்கவில்லையா?

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. 

"அசல்" என்றேன். "இவன் எங்க பிள்ளை. கவூமா. என் தாத்தா பேர்."

பெண்கள் குலவையிட்டார்கள். பிருங்கி அப்போதுதான் அழுதாள். அக்கா குழந்தையை வாங்கி என் மடியில் வைத்தாள். அவன் நேரே என் சட்டைப் பொத்தானுக்குப் போனான்.

சலோங்கோ சாப்பிடும்போது மட்டும், "பெரிய ஆராய்ச்சியாளன்யா நீ" என்றான். கிண்டலா இல்லையா என்று தெரியவில்லை.

பிறகு எல்லோரும் போனதும் கிண்ணத்தை நான்தான் கவிழ்த்தேன், வாழை அடியில். பாலோடு கொடி விழுந்தது, நூல் சுற்றியிருந்தது. நூலின் நுனியில் ஒரு சின்னக் கூழாங்கல். ஓடைக் கல், வழவழப்பாக.

கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். மிதந்திருந்தால் நான் வெண்ணெய் என்று கத்தியிருப்பேன். அது அக்காவுக்குத் தெரியும். துணி மடிப்பில் துடைத்தபோதே கட்டியிருக்கிறாள்.

கல்லைத் தூக்கி வாழைக்குள் எறிந்துவிட்டேன். கொடியை முறைப்படி புதைத்தேன். யூனியாவிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

பசு மறுபடியும் மரவள்ளியில்.

ஜூலை 18, சனி

குட்டி, இல்லை, கவூமா நிற்கிறான். வாத்தைப் பிடிக்கப் போய் விழுந்தான். வாத்தும் விழுந்தது.

நவம்பர் 14, சனி

டாக்டர் போன் செய்தார். உறுதியாகிவிட்டதாம். இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம். பழைய பூச்சியும் இதுவும் ஒன்றுதான். பின்பக்கம் ஒத்துப்போயிற்று. இனி அது உலகத்துக்கே தனி வீடு, தனி வாசல். ஓடையின் பெயரை வைத்திருக்கிறார்கள், நக்கிசென்யி.

"உங்களுக்கு வருத்தம் இல்லையே ஐயா?"

நான்தான் அப்படி வைக்கச் சொல்லலாம் என்று இருந்தேன் என்றேன். நான் அந்தப் பெருமையை மறுத்துவிட்டதாகக் கடையில் சொல்லியிருக்கிறேன். அந்த ஓடைக்கே என் பூட்டன் பெயரைத்தான் வைத்தார்கள் என்றும். யாரும் மறுக்கவில்லை, அல்லது கவனிக்கவில்லை.

காப்பி பழுத்துவிட்டது. பிருங்கி சந்தைக்குப் போயிருந்தாள், யூனியாவுக்கு முதுகு வலி, அக்கா வழக்கம்போல அக்கா. நான்தான் பறிக்க வேண்டியிருந்தது. தோட்டத்துச் சொந்தக்காரரை வீட்டில் தனியாக விட முடியாது. யூனியாவின் துணி ஒன்றை எடுத்து முதுகில் கட்டிக்கொண்டேன். தூங்கிவிட்டார்.

சலோங்கோ வேலி வழியாகப் பார்த்துக்கொண்டே போனான். முதுகுல என்னய்யா அது என்று கேட்டான்.

"மெல்லப் பேசு" என்றேன். "முதலாளி முழிச்சுக்குவார்."